டிராஃப்டில் முன்னால் வந்த பையன் ஸ்டார் ஆவானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் டிராஃப்ட் முடிந்த மறுநாளே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "இவன் அடுத்த லெப்ரானா?" என்று ஆரம்பித்து, டிசம்பருக்குள் "இவன் தேறமாட்டான் போல" என்று முடியும். ஆள்தான் மாறுவார், கேள்வி மாறாது. அடிக்கடி கேட்டவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் 2024–25 சீசன் முடிவு வரைக்கும்.

1. டிராஃப்ட்னா என்ன? ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் பணம் பேசும், டிராஃப்டில் வரிசை பேசும். புதிதாக லீகுக்கு வரும் இளைஞர்களை 30 அணிகளும் ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும். இரண்டு சுற்று, மொத்தம் 60 இடம் (அபராதமாக அணிகள் இடம் இழப்பதால் சில ஆண்டுகளில் ஒன்றிரண்டு குறையும்). எந்த ஊருக்குப் போவது என்று வீரர் முடிவு செய்ய முடியாது.

பட்டத்துக்காக சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கும் குலுக்கல் உண்டு. அதைத்தான் லாட்டரி என்கிறார்கள். 2019-இல் வந்த முறைப்படி கடைசி மூன்று இடத்தில் இருக்கும் அணிகளுக்கு முதல் பிக் (முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை; அப்படி எடுக்கப்பட்டவரையும் பிக் என்பார்கள்) கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு. குலுக்கல் என்றால் நிஜமாகவே குலுக்கல்தான். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023, 2024 இரண்டு ஆண்டும் லீகிலேயே கடைசி, இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாவது பிக். 2025-இல் டாலஸுக்கு இருந்தது வெறும் 1.8 சதவீதம், அடித்தது முதல் பிக்.

2. "ஹை பிக்"னு எதுவரைக்கும் சொல்லலாம்?

முதல் 14 பேரையும் லாட்டரி பிக் என்பார்கள். ஆனால் ரசிகர்கள் "இவன் ஸ்டார் ஆகணும்" என்று கணக்குப் பார்ப்பது முதல் ஐந்து பேரைத்தான். இந்தப் பக்கத்திலும் அதுதான் அளவு.

முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குச் சம்பளம் வரிசைப்படி ஏறக்குறைய முன்பே தீர்மானமாகி இருக்கும். முதல் இரண்டு ஆண்டு உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டு வைத்துக்கொள்வதா என்பது அணியின் விருப்பம். இந்த நான்கு ஆண்டுக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

3. ஸ்டார்னா எதை வெச்சு சொல்றீங்க? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

சண்டை வராமல் இருக்க நான் ஒரே கோடு போட்டுக்கொள்கிறேன்: லீகின் சிறந்த வீரர்களைத் திரட்டி நடத்தும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு முறையாவது தேர்வானவர். அது முழுமையான அளவுகோல் இல்லை என்று எனக்கும் தெரியும். ரசிகர் வாக்கும் அதில் சேர்கிறது, காயமடைந்தவருக்குப் பதிலாக உள்ளே வந்தவர்களும் உண்டு. ஆனாலும் எண்ணிப் பார்க்க முடிகிற கோடு அது ஒன்றுதான்.

ஆண்ட்ரூ விக்கின்ஸ் இந்தக் கோட்டுக்குச் சரியான சோதனை. 2014-இன் முதல் பிக், 2015-இல் சிறந்த புதுமுகம். அதற்குப் பிறகு மினசோட்டாவில் பல ஆண்டுகள் "இவ்வளவுதானா?" என்று கேட்க வைத்தார். கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனபின் 2022-இல் ஆல்-ஸ்டார், அதே ஆண்டு சாம்பியன், இறுதித் தொடரில் முக்கியமான ஆட்டக்காரர். அவரை ஸ்டார் என்பீர்களா? என் கணக்கில் வருகிறார். ஆனால் அணியைத் தோளில் சுமந்தவர் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு.

4. முதல் பிக்குன்னா ஸ்டார் ஆவது உறுதிதானே?

எண்ணிப் பார்ப்போம். 2011 முதல் 2020 வரை பத்து டிராஃப்ட். முதல் பிக் பத்துப் பேரில் ஏழு பேர் ஆல்-ஸ்டார் ஆனார்கள்: கைரி இர்விங், ஆண்டனி டேவிஸ், விக்கின்ஸ், கார்ல்-ஆண்டனி டவுன்ஸ், பென் சிம்மன்ஸ், சயான் வில்லியம்சன், ஆண்டனி எட்வர்ட்ஸ். ஆகாதவர்கள் மூவர்: ஆண்டனி பென்னட், மார்கெல் ஃபுல்ட்ஸ், டியாண்ட்ரே ஏட்டன்.

இரண்டாவது பிக்கில் பத்துக்கு நான்கு. மூன்றாவதில் பத்துக்கு ஆறு, அதாவது இரண்டாவதைவிட அதிகம்! நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் மூன்று. ஐம்பது பேரில் 22 பேர். ஆக, முதல் பிக்குக்கு மட்டும் தனி மரியாதை கொடுக்கலாம். அதற்குக் கீழே எல்லாம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி, அல்லது அதற்கும் குறைவு. "இரண்டாவது பிக், கண்டிப்பா வருவான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் டெரிக் வில்லியம்ஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், ஜபாரி பார்க்கர், மார்வின் பேக்லி என்று பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்.

5. அப்ப லீகிலேயே பெரிய ஆளுங்க எல்லாம் முதல் பிக்காத்தானே இருக்கணும்?

இங்கேதான் வேடிக்கை. சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதை முதல் பிக் ஒருவர் கடைசியாக வாங்கியது 2013-இல், லெப்ரான் ஜேம்ஸ். 2014 முதல் 2025 வரை வாங்கியவர்களின் டிராஃப்ட் இடத்தைப் பாருங்கள்: டுரான்ட் 2, ஸ்டெஃபன் கரி 7, வெஸ்ட்புரூக் 4, ஹார்டன் 3, யானிஸ் 15, யோகிச் 41, எம்பீட் 3, ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 11. யோகிச்சை 2014-இல் எடுத்தபோது தொலைக்காட்சியில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிறகு மூன்று எம்விபி வாங்கினார்.

முன்னால் எடுக்கப்பட்டால் ஆல்-ஸ்டார் ஆக நல்ல வாய்ப்பு இருக்கிறது. லீகின் உச்சிக்குப் போவது வேறு கணக்கு.

6. அப்படின்னா டிராஃப்ட் நம்பருக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற மதிப்பு இல்லை. அந்த எண் வீரருக்கு வாங்கித் தருவது அவகாசம். ஐந்தாவது பிக் மோசமாக ஆடினாலும் அவரை மீண்டும் மீண்டும் களத்தில் இறக்குவார்கள், ஏனென்றால் அவரை எடுத்த மேலாளரின் வேலையே அதில் மாட்டிக்கொண்டிருக்கும். 45-ஆவது பிக் இரண்டு வாரம் சொதப்பினால் பெஞ்சில்தான். ஒரு அணி கைவிட்டாலும், "முன்னாடி மூணாவது பிக்காச்சே" என்று இன்னொரு அணி கூப்பிட்டுப் பார்க்கும்.

அந்த அவகாசத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் ஸ்டார் பிறக்கிறாரா இல்லையா என்பது இருக்கிறது. இனி வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே.

7. முதல் சீசன்லயே தெரிஞ்சுடாதா?

தெரியாது. யானிஸ் முதல் சீசனில் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளி. ஷாய் 10.8. அதே நேரம் 2014-இல் சிறந்த புதுமுகம் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ். அந்த சீசனில் பிலடெல்பியா 19 ஆட்டம்தான் ஜெயித்தது, பந்தைக் கையில் கொடுக்க வேறு ஆளில்லை, எண்கள் குவிந்தன. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள், பிறகு பெரிதாக எதுவும் இல்லை.

ஜூலையில் லாஸ் வேகாஸில் இளைஞர்களுக்காக நடக்கும் சம்மர் லீகை வைத்து முடிவு கட்டுவது இன்னும் ஆபத்து. 2012-இல் அங்கே சிறந்த வீரர் விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் டேமியன் லில்லார்ட். இன்னொருவர் ஜாஷ் செல்பி. அவர் சீக்கிரமே லீகை விட்டே போய்விட்டார்.

8. கேட் கனிங்ஹம் கதையை எல்லாரும் உதாரணமா சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

நல்ல உதாரணம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2021-இன் முதல் பிக், டெட்ராய்ட் எடுத்தது. முதல் சீசனில் 17.4 புள்ளி, மோசமில்லை. ஆனால் சிறந்த புதுமுகம் விருது நான்காவது பிக் ஸ்காட்டி பார்ன்ஸுக்குப் போனது. இரண்டாவது சீசனில் இடது கணுக்காலுக்கு மேலே முன்காலெலும்பில் அழுத்த முறிவு, அறுவை சிகிச்சை, மொத்தம் 12 ஆட்டம்தான். மூன்றாவது சீசன் 2023–24. டெட்ராய்ட் தொடர்ச்சியாக 28 ஆட்டம் தோற்றது. ஒரே சீசனில் அதுவரை யாரும் அவ்வளவு தோற்றதில்லை. கடைசியில் 14 வெற்றி, 68 தோல்வி. "முதல் பிக் வீண்" என்று அப்போது என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர்.

அந்தத் தோல்விகளுக்கு நடுவே கவனித்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. அதே சீசனில் கேட் 22.7 புள்ளி, 7.5 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வைக்கும் பாஸ்). சுற்றி நல்ல மூன்று புள்ளி வீச்சாளர்கள் இல்லாததால் எதிரணியினர் எல்லோரும் வளையத்துக்குக் கீழே கூடிவிடுவார்கள், அவருக்கு ஓட வழி இருக்காது. அந்தக் கூட்டத்துக்குள் புகுந்துதான் அந்த எண்கள் வந்தன. அணி அதைப் புரிந்துகொண்டு 2024 கோடையில் அவரோடு ஐந்து ஆண்டு நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டது. பயிற்சியாளரை மாற்றி ஜே. பி. பிக்கர்ஸ்டாஃபைக் கொண்டுவந்தது. டோபையஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என அனுபவசாலிகளைச் சுற்றி நிறுத்தியது. பீஸ்லி மட்டும் அந்த சீசனில் 319 மூன்று புள்ளி போட்டார்!

2024–25-இல் கேட் 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட், முதல் ஆல்-ஸ்டார், சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-என்பிஏவில் மூன்றாம் அணி. டெட்ராய்ட் 44 வெற்றி. ஒரே ஆண்டில் வெற்றி மூன்று மடங்குக்கு மேல். இதை "கேட் திடீரென்று வளர்ந்துவிட்டார்" என்று சொல்வது பாதி உண்மைதான். வளர்ச்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கால் குணமானது, வழி திறந்தது, வெளியே தெரிந்தது. அவர் 40-ஆவது பிக்காக இருந்திருந்தால் அந்த 12 ஆட்ட சீசனுக்குப் பிறகு அணியின் சாவியை அவர் கையில் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

9. அப்ப மோசமான டீமுக்குப் போறதுதான் நல்லதா?

ஆடும் நேரம் கிடைக்கும், அது பெரிய விஷயம். நல்ல அணிக்குப் போய் வீணானவர்களின் தலைவர் டார்கோ மிலிசிச். 2003-இன் இரண்டாவது பிக், 18 வயது, செர்பியாவிலிருந்து வந்தவர். அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் கார்மெலோ ஆண்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். டெட்ராய்ட்டுக்கு அந்த பிக் பழைய ஒரு பரிமாற்றத்தில் கிடைத்தது, அணி ஏற்கெனவே பலமாக இருந்தது, அடுத்த ஆண்டே 2004-இல் சாம்பியனும் ஆனது. பட்டம் வெல்லும் அவசரத்தில் இருக்கிற பயிற்சியாளர் 18 வயதுப் பையனை எதற்குக் களத்தில் இறக்குவார்? சாம்பியன் மோதிரம் கிடைத்தது, ஆட்டம் கிடைக்கவில்லை.

2020-இன் இரண்டாவது பிக் ஜேம்ஸ் வைஸ்மனுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடியவர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே ஆட்டமே ஸ்டெஃபன் கரியைச் சுற்றி, நொடிக்கு நொடி மாறும் ஆட்டம். முழங்கால் காயமும் சேர்ந்துகொண்டது. அந்த அணி 2022-இல் பட்டம் வென்றது, 2023 பிப்ரவரியில் அவரை அனுப்பிவிட்டது. அதற்காக மோசமான அணி என்றால் எதுவும் சரி என்று இல்லை. வருடத்துக்கு ஒரு பயிற்சியாளரை மாற்றும் அணியில் எந்தப் பையனும் உருப்படுவது கஷ்டம். நேரம் கிடைக்கிற, ஆனால் திட்டம் உள்ள அணிதான் வேண்டும்.

10. காயம் வந்தா அவ்வளவுதானா?

எந்தக் காயம், எந்த வயதில் என்பதைப் பொறுத்தது. கிரெக் ஓடன் 2007-இன் முதல் பிக். முதல் சீசன் தொடங்குமுன்பே முழங்காலில் அறுவை சிகிச்சை. வாழ்நாளில் என்பிஏவில் மொத்தம் 105 ஆட்டம்தான். இரண்டாவது பிக் டுரான்ட். எதிர்ப்பக்கம் ஜோயல் எம்பீட்: 2014-இல் எடுக்கப்பட்டு, பாதக் காயத்தால் இரண்டு சீசன் முழுவதும் ஆடவே இல்லை. 2023-இல் எம்விபி.

ஃபுல்ட்ஸின் கதை இன்னும் விசித்திரம். 2017-இல் அவருக்காகவே பாஸ்டனிடம் பேரம் பேசி முதல் பிக்கை வாங்கியது பிலடெல்பியா. முதல் சீசனில் பந்து வீசும் முறையே குலைந்துபோனது. மனப்பிரச்சினை என்று எல்லோரும் பேசினார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நசுங்கும் நோய் என்று 2018 டிசம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். பாஸ்டன் மூன்றாவது பிக்கில் எடுத்தது ஜேசன் டேட்டமை. 2024-இல் அவர்கள் சாம்பியன்.

11. இத்தனை ஆளு, இத்தனை டேட்டா வெச்சிருந்தும் ஏன் தப்பா எடுக்கிறாங்க?

பெரிய காரணம் வயது. 2005 வரை பள்ளியிலிருந்தே நேராக வரலாம். இப்போது டிராஃப்ட் நடக்கும் ஆண்டு முடிவதற்குள் 19 ஆக வேண்டும், அமெரிக்கர் என்றால் பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அதனால் மேலே வருபவர்களில் பலர் ஒரே ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டு வருகிறார்கள். முப்பத்துச் சொச்சம் ஆட்டத்தை வைத்து 27 வயதில் இவர் எப்படி இருப்பார் என்று கணிக்க வேண்டும். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவுக்கு அமெரிக்க வீராங்கனைகள் பெரும்பாலும் நான்கு ஆண்டு கல்லூரி முடித்துத்தான் வருவார்கள். அங்கே பிரியானா ஸ்டூவர்ட் (2016), ஏஜா வில்சன் (2018) என முதல் பிக்குகள் சொன்ன மாதிரியே எம்விபி ஆகிறார்கள். தேர்வாளர்கள் அங்கே அறிவாளிகள், இங்கே முட்டாள்கள் என்பதில்லை. 22 வயதில் பார்ப்பது சுலபம்.

இன்னொன்று, "நம்ம டீமுக்கு என்ன தேவை" என்று பார்ப்பது. 1984-இல் போர்ட்லாந்திடம் கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார், உயரமான நடு ஆட்டக்காரர் வேண்டும் என்று இரண்டாவது பிக்கில் சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவது போனவர் மைக்கேல் ஜோர்டான். அந்தக் கதையை எல்லா மேலாளர்களும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், ஆனாலும் செய்கிறார்கள்.

12. ஷூட்டிங் வராத பையன் கத்துக்குவானா?

ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். தடுக்க ஆளில்லாமல், நின்று வீசும் பந்து. அதில் 80 சதவீதம் போடுபவருக்குத் தூரத்து வீச்சு காலப்போக்கில் வர வாய்ப்பு அதிகம். 60-இல் நிற்பவருக்குக் கடினம்.

பென் சிம்மன்ஸ் 4-ஆம் பதிலில் ஸ்டார் பட்டியலில் இருக்கிறார், மூன்று முறை ஆல்-ஸ்டார். ஆனால் ஐந்து ஆண்டு கொடுத்தும் வீச்சு வரவில்லை. 2021 பிளேஆஃபில் ஃப்ரீ த்ரோ 34.2 சதவீதம். அட்லாண்டாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் வளையத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, போடாமல் பந்தைக் கொடுத்துவிட்டார். பிலடெல்பியாவுக்காக அவர் அதன்பிறகு ஆடவில்லை. முதுகு வலியும் சேர்ந்துகொண்டது, உண்மைதான். ஆனால் குறை அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

13. இருபது பாயிண்ட் அடிக்கிறான், டீம் தோத்துக்கிட்டே இருக்கு. அது கேட் மாதிரியா, கார்ட்டர்-வில்லியம்ஸ் மாதிரியா?

நல்ல கேள்வி, கஷ்டமான கேள்வி. புள்ளியைப் பார்க்காதீர்கள், எதிரணி அவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். அவர் கையில் பந்து வந்ததும் இரண்டாவது ஆள் ஓடி வருகிறாரா? அப்படியென்றால் பயப்படுகிறார்கள். வெளியே நின்றால் "போட்டுக்கோ" என்று விட்டுவிடுகிறார்களா? அப்படியென்றால் இன்னும் பயமில்லை. கேட்டுக்கு 14 வெற்றி சீசனிலும் கூட்டம் சேர்ந்தது. கார்ட்டர்-வில்லியம்ஸைத் தூரத்தில் விட்டுவிட்டுப் பின்வாங்கி நின்றார்கள்.

14. எத்தனை வருஷம் பொறுக்கலாம்?

2-ஆம் பதிலில் சொன்ன நான்கு ஆண்டுக் கணக்கு இதற்குத்தான். மூன்றாவது சீசன் முடிந்ததும் அணி நீட்டிப்பு ஒப்பந்தம் பேசலாம். அவரைத் தினமும் பயிற்சியில் பார்க்கிறவர்கள் எவ்வளவு பணம் வைக்கிறார்கள் என்பதைவிட நேர்மையான மதிப்பீடு வெளியே கிடைக்காது. அதுவரை தீர்ப்பை நிறுத்தி வையுங்கள். பென்னட் மாதிரி சில பேர் விதிவிலக்கு: 2013-இன் முதல் பிக், நான்கு சீசனில் நான்கு அணி, மொத்தச் சராசரி 4.4 புள்ளி. அங்கே பொறுமையால் ஆவது ஒன்றுமில்லை.

15. நம்ம சத்னம் சிங்கும் டிராஃப்ட் ஆனாரே, அவர் ஏன் வரலை?

2015-இல் டாலஸ் அவரை எடுத்தது 52-ஆவது இடத்தில். இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் இடம்பெற்ற முதல் ஆள், அது வரலாறு. ஆனால் இரண்டாம் சுற்றுக்கு உறுதியான ஒப்பந்தம் கிடையாது, 6-ஆம் பதிலில் சொன்ன அவகாசமும் கிடையாது. வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

16. வெம்பன்யாமா முதல் வருஷமே கலக்கினானே? அப்ப கூப்பர் ஃப்ளாகும் அப்படித்தானே?

வெம்பன்யாமா (2023, சான் அன்டோனியோ) 2024-இல் ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் சிறந்த புதுமுகம் ஆனார், மறு ஆண்டே ஆல்-ஸ்டார். அந்த உயரத்தில் அப்படிப் பந்தைக் கையாளும் ஆளை லீக் பார்த்ததில்லை. அவரை வைத்து மற்றவர்களை அளக்காதீர்கள். அவருக்கே 2025 பிப்ரவரியில் தோளில் ரத்த உறைவு வந்து சீசன் பாதியில் நின்றது.

ஃப்ளாக் 2025-இல் டாலஸுக்குப் போனபோது வயது 18. வழக்கமான முதல் பிக்குக்கு இல்லாத சூழ்நிலை அவருக்கு: 2024-இல் இறுதித் தொடர் ஆடிய அணி, லூகா டான்சிச்சை அனுப்பிவிட்டுக் கோபத்தில் இருக்கும் ரசிகர்கள், கைரி இர்விங்கின் முழங்கால் காயத்தால் பந்தைக் கொண்டுபோக ஆள் குறை. ஆடும் நேரத்துக்குப் பஞ்சமில்லை, டார்கோ மாதிரி பெஞ்சில் காய மாட்டார். ஸ்டார் ஆவாரா என்றால், ஆவார் என்ற பக்கம்தான் நான். ஆனால் முதல் சீசன் புள்ளிகளை எனக்கு அனுப்பாதீர்கள். ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும், இரண்டாவது ஆள் எப்போது ஓடிவர ஆரம்பிக்கிறார் என்பதையும் அனுப்புங்கள்.